கை இயக்கக் குறைபாடும் பேஸ் கித்தார் கழுத்தும்

பேஸ் கித்தார் கழுத்து என்பது பேஸ் கித்தாரின் உடற்பகுதியையும் தலைப்பகுதியையும் இணைக்கும் நீண்ட மரப்பகுதி ஆகும். இதன் முன்புறத்தில் விரற்பலகையும், அதன் மேல் வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகளும் அமைந்துள்ளன. பேஸ் கித்தார் நீளமான கழுத்தும் தடித்த தந்திகளும் கொண்ட கருவி. ஆகவே மூட்டுவாதம், விரல் இறுக்கம், மணிக்கட்டு நரம்பு அழுத்தம், எலும்பு முறிவு முதலிய காரணங்களால் கை இயக்கம் குறைந்தவர்களுக்கு இதை வாசிப்பது கடினமாகலாம். பொருத்தமான கழுத்தைத் தேர்வதன் மூலமும், விரல் முறையை மாற்றுவதன் மூலமும் இவர்களுள் பலர் தொடர்ந்து வாசிக்க இயலும்.

வரலாறு

லியோ ஃபெண்டர் 1951 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய பிரெசிசன் பேஸ், பெருமளவில் விற்பனையான முதல் மின் பேஸ் கித்தார் ஆகும். இதன் தந்தி நீளம் 34 அங்குலம் (864 மி.மீ.). இதற்கு முன் பயன்பட்ட, நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸ் கருவியின் தந்தி நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். எனவே 864 மி.மீ. என்பது அக்காலத்தில் ஒரு சுருக்கமே. இன்றும் பெரும்பாலான பேஸ் கித்தார்கள் இந்த அளவிலேயே செய்யப்படுகின்றன.

குட்டைக் கழுத்துக் கருவிகளும் விரைவில் தோன்றின. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் 500/1, ஃபெண்டர் நிறுவனம் 1966 இல் வெளியிட்ட மஸ்டாங் பேஸ் ஆகியன ஏறத்தாழ 30 அங்குலத் (762 மி.மீ.) தந்தி நீளம் கொண்டவை. எனவே குட்டைக் கழுத்துக் கருவிகளைத் தொடக்கநிலையாளர்களுக்கு மட்டும் உரியவை எனக் கருதுவது சரியன்று.

தந்தி நீளமும் விரல் விரிவும்

தந்தி நீளம் என்பது தலைப்பக்கத் தாங்கியிலிருந்து (நட்) குதிரை வரையுள்ள தொலைவு ஆகும். மெட்டுகளுக்கு இடையேயான தொலைவு இந்த நீளத்தைப் பொறுத்தது. உடற்பகுதியை நெருங்க நெருங்க அது குறையும். கணக்கிட்டால் விரல்கள் விரிய வேண்டிய தொலைவு பின்வருமாறு அமையும்.

* 1 முதல் 4 ஆம் மெட்டு வரை: நீளக் கழுத்தில் (864 மி.மீ.) 130 மி.மீ.; குட்டைக் கழுத்தில் (762 மி.மீ.) 114 மி.மீ.
* 5 முதல் 8 ஆம் மெட்டு வரை: நீளக் கழுத்தில் 103 மி.மீ.; குட்டைக் கழுத்தில் 91 மி.மீ.
* 1 முதல் 3 ஆம் மெட்டு வரை: நீளக் கழுத்தில் 89 மி.மீ.; குட்டைக் கழுத்தில் 78 மி.மீ.

இதிலிருந்து ஒரு முக்கியச் செய்தி தெரிகிறது. ஒரு மெட்டுக்கு ஒரு விரல் என்னும் முறையில் குட்டைக் கழுத்தை வாசிப்பதைவிட, டபுள் பேஸ் கலைஞர்களின் முறையில் சுட்டுவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றால் மூன்று மெட்டுகளை மட்டும் பிடித்து நீளக் கழுத்தை வாசிப்பதற்குக் குறைந்த விரிவே தேவை. இம்முறையில் மோதிர விரல் சிறுவிரலுக்குத் துணை நிற்கும். ஆகவே புதிய கருவி வாங்கும் முன் விரல் முறையை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத முதற்படி ஆகும்.

தந்தி இழுவிசை

ஒரே தந்தியை ஒரே சுருதியில் வைக்கும்போது, அதன் இழுவிசை தந்தி நீளத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே 864 மி.மீ. கருவியிலிருந்து 762 மி.மீ. கருவிக்கு மாறினால் இழுவிசை சுமார் 22 விழுக்காடு குறையும். விரல் வலிமை குறைந்தவர்களுக்கு இது பயன் தரும். மெல்லிய தந்திகளைப் பூட்டுவதாலும், குதிரையைத் தாழ்த்தித் தந்தி உயரத்தைக் குறைப்பதாலும் இதே பயனை ஓரளவு பெறலாம். ஆனால் தந்தி தளர்ந்தாலோ மிகவும் தாழ்ந்தாலோ மெட்டுகளில் உரசி இரைச்சல் எழும்.

அகலமும் தடிப்பும்

தலைப்பக்கத் தாங்கியின் அருகே கழுத்தின் அகலம் ஜாஸ் பேஸ் வகையில் சுமார் 38 மி.மீ., பழைய பிரெசிசன் பேஸ் வகையில் சுமார் 44 மி.மீ. ஆகும். குறுகிய கழுத்தில் விரல்கள் தடித்த தந்தியை எளிதில் எட்டும். மணிக்கட்டை அதிகம் மடக்க வேண்டியதில்லை.

மெல்லிய கழுத்தே எல்லோருக்கும் வசதியானது என்பது தவறான கருத்து. கழுத்து மிக மெல்லியதாக இருந்தால் கட்டைவிரல் கிள்ளுவது போல இறுக வேண்டியிருக்கும். கட்டைவிரல் அடிமூட்டில் வலி உள்ள சிலருக்கு உள்ளங்கையை நிரப்பும் உருண்ட கழுத்து இதமாக இருக்கும்.

குறைபாட்டிற்கு ஏற்ற தேர்வு

* விரல்கள் விரியாமை: குட்டைக் கழுத்து, மூன்று விரல் முறை, 5 ஆம் மெட்டுக்கு மேல் வாசித்தல். ஐந்து தந்திக் கருவியில் கீழ்ச் சுரங்களும் மேல் மெட்டுகளில் கிடைக்கும். ஆனால் கழுத்து அகலமாக இருக்கும்.
* அழுத்த வலிமைக் குறைவு: தாழ்ந்த தந்தி உயரம், மெல்லிய தந்திகள், குறைந்த இழுவிசை.
* மணிக்கட்டு மடங்காமை: வார்ப்பட்டையைச் சுருக்கிக் கருவியை உயர்த்திக் கழுத்தைச் சாய்வாக வைத்தல்.
* தோள், முழங்கை வலி: எடை குறைந்த, தலைப்பகுதி சாயாத கருவி. தலைப்பகுதி கனமாக இருந்தால் இடக்கை சுரம் பிடிப்பதோடு கழுத்தையும் தாங்க வேண்டியிருக்கும். நெட் ஸ்டெய்ன்பெர்கர் வடிவமைத்த தலையில்லாக் கருவிகளில் இச்சிக்கல் குறைவு.

கடையில் ஓரிரு நிமிடம் வாசித்து முடிவு செய்வது போதாது. உட்கார்ந்தும் நின்றும் குறைந்தது கால் மணி நேரம் வாசித்துப் பார்த்தால்தான் வலி தெரியவரும். வலி, மரத்துப்போதல், விரல் பூட்டிக்கொள்ளுதல் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரை அணுக வேண்டும். கருவித் தேர்வு மருத்துவத்திற்கு மாற்று ஆகாது.

கடற்கரைத் தட்பவெப்பம்

தமிழ்த் திரையிசையில் பேஸ் கித்தாருக்குச் சிறப்பிடம் உண்டு. இளையராஜாவின் இசைக்குழுவில் சசிதரனும், ஏ. ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்சும் இக்கருவியை வாசித்துள்ளனர். தேவாலயப் பாடகர் குழுக்களிலும் இது ஒலிக்கிறது.

தூத்துக்குடி முதலிய முத்துக்குளித்துறை ஊர்களில் கழுத்தைத் தேர்ந்தால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் வறண்ட மேல்காற்று வீசும்; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். இந்த ஈரப்பத மாற்றத்தால் மரம் சுருங்கி விரியும்; கழுத்தின் வளைவும் மாறும். வளைவு கூடினால் தந்தி உயரமும் கூடும். இயல்பான கையுடையவர் உணராத இச்சிறு மாற்றம், விரல் வலிமை குறைந்தவரின் வாசிப்பையே நிறுத்திவிடக்கூடும். எனவே கழுத்தினுள் உள்ள எஃகுத் தண்டைப் பருவம் மாறும்போது தேர்ந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்வது நல்லது. உப்புக்காற்றில் தந்திகள் விரைவில் துருப்பிடித்துச் சொரசொரப்பாகும். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தால் அவை நீடிக்கும்.

முன்னோடிகள்

கை இழப்பிற்கு ஏற்ப வாசிப்பை மாற்றிக்கொண்டவர்களுள் இரு கித்தார் கலைஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928 இல் தீ விபத்தில் இடக்கையின் மோதிர விரலும் சிறுவிரலும் செயலிழந்தபின், பெரும்பாலும் இரு விரல்களாலேயே வாசித்துப் புகழ்பெற்றார். பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி 1965 இல் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள இவர் தந்திகளை அழுத்துவது வலக்கையால்தான். விரலுறைகளைத் தாமே செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். அந்தக் கனத்த ஒலி ஹெவி மெட்டல் இசையின் அடையாளமாயிற்று.

இவற்றையும் பார்க்க

* கித்தார்
* டபுள் பேஸ்
* வீணை
* மூட்டுவாதம்