கை அறுவைக்குப் பின் மீட்சியை அளத்தல்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். விரல் அசைந்தது, உணர்வு திரும்பவில்லை. வலி தெரியாத கை வேலையில் மீண்டும் புண்பட்டது. புதுவாழ்வு மையத்தில் நோயாளிகள் தச்சு கற்றபோது, எந்தக் கருவி கையைக் காயப்படுத்துகிறது என்று அவர் கவனித்தார். புண்படாமல் உழைப்பதே மீட்சியின் அளவுகோலாயிற்று.

மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போகும் கார்ப்பல் டனல் நோயிலும் நரம்புச் சோதனை மட்டும் போதவில்லை. 1993இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட வினாத்தாள் நோயாளியையே கேட்கிறது: அறிகுறி பற்றி 11 கேள்விகள், அன்றாடச் செயல் பற்றி 8. எழுத முடிகிறதா? பொத்தான் போட முடிகிறதா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அறுவைக்குப் பின் அது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு மீட்சி.