பார்க்கின்சன் நோய்: டோபமைன் பற்றாக்குறையில் செரட்டோனின் செல்கள் செய்யும் வேலை

திருவனந்தபுரம்: பார்க்கின்சன் நோய்க்காக லெவோடோபா மாத்திரை உட்கொள்வோர் பலருக்குச் சில ஆண்டுகளில் புதிய தொல்லை ஒன்று தோன்றுகிறது. நடுக்கமும் விறைப்பும் அடங்கியிருக்கும் வேளையில் கை, கால், தலை ஆகியவை தாமாகவே நெளியத் தொடங்குகின்றன. மருந்தின் விளைவான இந்தக் கட்டற்ற அசைவுகளை மருத்துவர்கள் டிஸ்கினீசியா என்பர். மனநிலையுடன் மட்டுமே தொடர்புபடுத்திப் பேசப்படும் செரட்டோனினுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு.

இயல்பான மூளையில் டோபமைன் வெளியீட்டைச் செரட்டோனின் சில ஏற்பிகள் வழியாகத் தூண்டுகிறது; 2சி என்னும் ஏற்பி வழியாகக் கட்டுப்படுத்துகிறது. "மகிழ்ச்சி ஹார்மோன்" என்ற அடைமொழி இந்த இரட்டைப் பணியைச் சொல்வதில்லை.

பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் அழிகின்றன. டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. எனவே, அதன் மூலப்பொருளான லெவோடோபா அளிக்கப்படுகிறது. அதை டோபமைனாக மாற்றும் நொதி, செரட்டோனின் செல்களிலும் இருக்கிறது. செரட்டோனினை உருவாக்குவதும் அதே நொதிதான். ஆகவே, டோபமைன் செல்கள் குறையக் குறைய, அவற்றின் வேலையைச் செரட்டோனின் செல்கள் ஏற்கின்றன.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. டோபமைன் செல்லிடம் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு: வெளியிட்டது போதும் என உணர்த்தும் ஏற்பி, மிகுந்ததைத் திரும்ப உறிஞ்சும் கடத்தி. செரட்டோனின் செல்லிடம் டோபமைனுக்குரிய இவ்விரண்டும் இல்லை. மாத்திரை போட்டதும் டோபமைன் பெருகுகிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் வறண்டுவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கமே அசைவுகளைத் தூண்டுகிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செரட்டோனின் நரம்புகள் நீக்கப்பட்ட எலிகளிடம் லெவோடோபாவால் வரும் இத்தகைய அசைவுகள் மறைந்தன. ஆனால், மனிதரிடம் அச்செல்களை அதிகமாக அடக்கினால் லெவோடோபாவின் பயனும் குறையக்கூடும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், அசைவுக் கோளாறுகளுக்குத் தனிச் சிகிச்சைப் பிரிவை நடத்தி வருகிறது. தகுதியுள்ள நோயாளிகளுக்கு மூளைக்குள் மின்முனை பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையும் அங்கு உண்டு. மூளையின் சப்தலாமிக் கருவில் இவ்வாறு பொருத்தினால் லெவோடோபாவின் அளவைக் குறைக்க முடிகிறது. அதனால் அசைவுகளும் தணிகின்றன. அறுவைக்கு முன் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிப் பார்ப்பதும், அமன்டடின் சேர்ப்பதும் வழக்கம்.

கேரள நோயாளிகளுக்கு இன்னொரு செய்தியும் பொருந்தும். ஆயுர்வேதத்தில் பயன்படும் நாய்க்குரணை, அதாவது நம் பூனைக்காலி, இயற்கையிலேயே லெவோடோபா கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசுவாமியும் 1937-இலேயே அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். அது பார்க்கின்சன் மருந்தாக நிலைபெற்றதோ 1960-களின் இறுதியில். மூலிகைதானே என்று அதன் பொடியை மாத்திரையுடன் சேர்த்து உண்டால், மருந்தளவு மருத்துவருக்குத் தெரியாமலேயே கூடும், அசைவுகளும் பெருகலாம்.

மனச்சோர்வும் இந்நோயில் பரவலாகக் காணப்படுகிறது. அதற்குத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. சிலருக்கு நடுக்கத்தைச் சற்று மிகுவிக்கலாம். ராசஜிலின், செலிஜிலின் போன்ற பார்க்கின்சன் மருந்துகளுடன் அவை சேரும்போது, அரிதாக, செரட்டோனின் அளவுமீறிக் காய்ச்சல், குழப்பம், தசை உதறல் ஏற்படலாம். நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் இருவரிடமும் முழு மருந்துப் பட்டியலைக் காட்ட வேண்டும். எந்த மாத்திரையையும் திடீரென நிறுத்தக் கூடாது. லெவோடோபாவைச் சட்டென விட்டால் கடும் விறைப்பும் அதிகக் காய்ச்சலும் உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.