கழிவுநீர்க் கட்டமைப்புகளில் கான்கிரீட் அரிமானம்

கழிவுநீர்க் குழாய், ஆள்நுழைவுக் குழி, நீரேற்று நிலையத் தொட்டி ஆகியவற்றின் கான்கிரீட்டை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் கந்தக அமிலம் தின்பதே இந்த அரிமானம். வியப்பு என்னவென்றால், சாக்கடையில் மூழ்கிய பகுதி பெரும்பாலும் தப்பிவிடும். நீர் தொடாத மேல்வளைவுதான் கரையும். இதில் பாக்டீரியாவின் பங்கை 1945-இல் வெளிக்கொணர்ந்தவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆய்ந்த சி. டி. பார்க்கர்.

குழாயின் அடியில் படியும் வழுவழுப்பான படலத்தில் ஆக்சிஜன் இல்லை. அங்குள்ள பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்த வாயு மேலெழுந்து ஈரச் சுவரில் கரைய, வேறுவகை பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. புதிய கான்கிரீட்டின் பிஎச் 12-க்கு மேல். அரிபட்ட பரப்பில் அது 1 அல்லது 2 வரை இறங்கும். சிமென்ட் ஜிப்சமாக மாறி, விரலால் வழிக்கக்கூடிய வெள்ளைக் களிம்பாகிவிடும். அடுத்து கான்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்.

புதுக் குழாய்க்கு, வார்க்கும்போதே பதிக்கப்படும் பிவிசி அல்லது பாலிஎத்திலீன் உள்ளுறை உறுதியான காப்பு. பழைய சுவருக்கு எபாக்சி பூச்சு, கால்சியம் அலுமினேட் சிமென்ட் சாந்து ஆகியவை உண்டு. ஆனால் களிம்பை உயரழுத்த நீரால் முழுதும் நீக்காமல் பூசினால் பூச்சு உரிந்துவிடும். பல பழுதுபார்ப்புகள் தோற்பது இங்கேதான். இரும்பு உப்பு, நைட்ரேட் இடுவதும், கழிவு தேங்காத சரிவு அமைப்பதும் வாயுவைக் குறைக்கும்.

கான்கிரீட்டை அழிக்கும் இதே வாயு மனித உயிரையும் நொடியில் பறிக்கும். பாதுகாப்பின்றி எவரையும் குழிக்குள் இறக்குவதை இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.