"கைது செய்யப்பட்டதுண்டா?" - கௌதள்ளி நினைவுகள்

போன மாதம் பிள்ளைகளின் பிடிவாதம் தாங்காமல், டிஸ்னி வேர்ல்ட் போவதற்காக அமெரிக்க விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். லண்டனில் ஞாயிற்றுக்கிழமை, வெளியே வழக்கம்போல மழை. பக்கம் பக்கமாகப் போய் ஒரு கேள்வி வந்தது. எந்தக் குற்றத்துக்காகவாவது, எப்போதாவது கைதாகியோ தண்டனை பெற்றோ இருக்கிறீர்களா?

'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்த பக்கம் போனேன். மனசு மட்டும் போகவில்லை. கேள்வியைக் கவனியுங்கள். கைதானாலே போதும், 'ஆமாம்' போட வேண்டும். பிறகு விடுதலை ஆகியிருந்தாலும் சரி.

உடனே ஞாபகம் வந்தது கௌதள்ளி, அம்மா பிறந்த ஊர். கொள்ளேகாலில் இருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அப்புறம் மைசூர் மாவட்டம்; 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். அதனால் அங்கே தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்கள். தீபாவளிக்கு மலையில் ஜாத்திரை. கம்சாளைத் தாளத்தோடு பாடிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கவே நாங்கள் லீவுக்குப் போவோம்.

எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது எல்லாம் மாறியது. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் கூட்டம் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். இறந்த போலீஸ்காரர்களுக்கும் குடும்பம் இருந்தது, அதை மறக்கக் கூடாது. ஆனால் அதன்பிறகு மலை கிராமங்களில் இருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தடா சட்டத்தில் பிடிக்கப்பட்டு மைசூர் சிறைக்குப் போனார்கள். தடாவில் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். அந்தச் சட்டம் 1995 இல் காலாவதியானது. வழக்குகள் ஆகவில்லை!

2000 ஜூலையில் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இந்தத் தடா கைதிகளின் விடுதலை. அரசு சம்மதித்தது, அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. 2001 இல் மைசூர் தடா நீதிமன்றம் விசாரணையை முடித்து, பெரும்பாலோரை விடுவித்தது. அதற்குள் பலருக்குச் சுமார் எட்டு வருஷம் போய்விட்டது.

அப்படி வெளியே வந்த ஒருவரை, இரண்டு வருஷம் கழித்து என் மாமா ஜாத்திரைக்குக் கூப்பிட்டாராம்.

"அங்க போலீஸ் நிக்குமேண்ணா" என்றாராம் அவர். கோர்ட்டே விட்ட ஆள். சாமி பார்க்கப் போகவும் பயம்.

அதிரடிப்படை மீதான புகார்களை விசாரித்த சதாசிவா கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, 2007 இல் தேசிய மனித உரிமை ஆணையம் இரண்டு மாநிலத்திலும் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இழப்பீடு சொன்னது. வங்கிக்காரன் புத்தி, வகுத்துப் பார்த்தேன். சராசரி மூன்று லட்சத்துச் சொச்சம். போன வருஷங்களுக்கு வட்டி எந்தக் கணக்கில் போடுவது?

நான் இருக்கும் பிரிட்டனில் 1974 இல் இருந்து ஒரு சட்டம் உண்டு. சிறு தண்டனை பெற்றவர்கள்கூட, குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்துவிட்டால், பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் அரசு வேலைக்கான படிவம், கைதானதுண்டா, வழக்கு நடந்ததுண்டா என்று கேட்கும். விடுதலை ஆனதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று 2016 இல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் சொன்னது. அதே தீர்ப்பு, வேலை கொடுப்பவர் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்றது. பார்ப்பார்களா என்பது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பொறுத்தது. நானும் அந்தப் பக்கத்தில் இருந்தவன்தான். 'ஆமாம்' என்று டிக் அடித்த படிவத்தைக் கண்டால், விளக்கத்தைப் படிக்கும் முன்பே கை தயங்கும். உண்மையைச் சொல்கிறேன்.

எங்களுக்கு விசா வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு அந்த 'இல்லை' என்ற பதில், நான் சம்பாதித்தது இல்லை என்று தோன்றியது. 1993 இல் நான் மலையில் மாடு மேய்க்காமல் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.