ஒரு மாவட்டம், ஒரே விதி: அலுவலகக் கணினிகளின் கதை

அரசு அலுவலகக் கடிதம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே ந.க. எண், பிறகு 'பொருள்', அதன் கீழே 'பார்வை'. நாகப்பட்டினமானாலும் நாகர்கோவிலானாலும் இதே வரிசை தான். எந்த ஊர் எழுத்தர் எழுதினாலும் வேறு ஊர் அதிகாரி சிரமமில்லாமல் படித்து விடுவார். கணினி வந்ததும் இந்த ஒழுங்கு குலைந்தது!

முதல் காரணம் தமிழ் எழுத்துரு. 1990களில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஒரு மேசையில் அடித்த கடிதத்தை அடுத்த மேசையில் திறந்தால் புரியாத கிறுக்கல்கள் தான். 1999-ல் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு நடந்தது. அதையொட்டி தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் அரசு தரமாக அறிவித்தது. ஆணை போட்டாகி விட்டது. ஆனால் ஒவ்வொரு கணினியிலும் அதை யார் போய் அமைப்பது?

அந்தச் சமயத்தில் தான் காவிரிப் படுகையில் ஒரு மாவட்டம் முழுவதும் கணினிக்கு மாறத் தொடங்கியது. நாகை மாவட்டத்திலிருந்து 1997-ல் பிரிந்த திருவாரூர் அது. 1999 முதல் 2001 வரை ஆட்சியராக இருந்த சி. உமாசங்கர், நில ஆவணங்கள் உள்ளிட்ட பணிகளைக் கணினிக்குக் கொண்டு வந்தார். மின் ஆளுமையில் திருவாரூர் முன்னோடி மாவட்டம் எனப் பெயர் பெற்றது. நிலப் பதிவு கணினிக்குப் போன பிறகு, ஒரு கணினியின் அமைப்பு அந்த எழுத்தரின் சொந்த விஷயம் அல்ல. அது கோளாறானால் காத்திருப்பவர் பட்டா கேட்டு வந்த விவசாயி!

உலகம் முழுக்க அலுவலகங்களுக்கு இதே தலைவலி இருந்தது. 2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 இதற்கு 'குரூப் பாலிசி' என்ற வசதியைத் தந்தது. விதியை மைய சர்வரில் ஒருமுறை எழுதினால் போதும். கணினி தொடங்கும்போதும் பயனர் உள்ளே நுழையும்போதும் விதி தானாக அமலாகும். பிறகு சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். யாராவது மாற்றி வைத்தாலும் மைய விதியே மறுபடி வந்து நிற்கும்.

உமாசங்கர் பின்னர் எல்காட் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். 2007 வாக்கில் அங்கே கணினிகள் சூசி லினக்ஸுக்கு மாறின. 2010-ல் அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழுக்கான தரமாக்கியது. பழைய எழுத்துருச் சண்டைக்கு ஒரு முடிவு கிடைத்தது.

மைய விதியில் ஆபத்தும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரே ஒரு அமைப்புக் கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் கூட நின்றன.

ஒரே விதி இருந்தால் எல்லோருக்கும் நன்மை. விதியே தவறானால் எல்லோருக்கும் ஒரே நாளில் கேடு. ஆகவே புதிய விதியை முதலில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் சோதித்த பிறகே மாவட்டத்துக்கு விட வேண்டும். நாற்றங்காலில் முளைப்பைப் பார்க்காமல் யாரும் வயல் முழுக்க நடுவதில்லையே!