களரியின் நடுவில் நின்றவர்: ஈழத்துப் பல்கலைக்கழக வளாகங்களில் கூத்துப் பயிற்சி கடந்த பாதை

மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்துப் பழகுவது மாதக்கணக்கில் நீளும் வேலை. கூத்து ஆசானான அண்ணாவியார் ஆட்களின் குரலையும் உடற்கட்டையும் பார்த்து யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்வார். ஏட்டிலிருந்து அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுப்பார். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். அதன்பின் இரவுகளில் பழக்கம் நடக்கும். தாளக்கட்டு காலில் ஏறியதும் சதங்கை அணிவார்கள். பிறகு வாரந்தோறும் ஆடிப்பார்க்கும் கிழமைக்கூத்து, முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். அன்றிரவு வட்டக்களரியின் நடுவில் மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் சூழ அண்ணாவியார் நிற்பார். கூத்தர்கள் அவரைச் சுற்றி ஆடுவார்கள். களரியைச் சுற்றி ஊர்ச்சனம் விடியும்வரை உட்கார்ந்திருக்கும்.

பயிற்சிப் பட்டறை என்று இன்று கல்லூரிகள் அழைப்பிதழில் அச்சிடுகிற செயலுக்கு இதைவிட முழுமையான முன்மாதிரி தமிழில் கிடைப்பது அரிது. ஆள் தேர்வு, படிப்படியான பயிற்சி, இடையில் ஒரு சோதனை, முடிவில் ஊரறிய ஓர் அரங்கேற்றம் எல்லாம் இதில் உண்டு. கற்பிப்பவருக்குப் பட்டம் கிடையாது, அதிகாரம் உண்டு. இந்த முறை இலங்கைப் பல்கலைக்கழக வளாகங்களுக்குள் எப்படி நுழைந்தது, நுழைந்தபோது எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து கற்கும் நிகழ்வுகள் எவ்வாறு உயிர்பெறுகின்றன என்பதும் விளங்கும்.

தொடக்கம் கூத்தில் இல்லை, உரையாடல் நாடகத்தில் இருக்கிறது. 1921-இல் நிறுவப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ்ச் சங்கம் நடத்திய ஆண்டு நிகழ்வுகளுக்காக விரிவுரையாளர் க. கணபதிப்பிள்ளை நாடகங்கள் எழுதிக் கொடுத்தார். புலோலியில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 7, 8-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். கல்வெட்டு மொழியில் ஊறிய அந்த அறிஞர் மேடைக்கு எடுத்துக்கொண்டது யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழை. ‘உடையார் மிடுக்கு’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’, ‘முருகன் திருகுதாளம்’, ‘கண்ணன் கூத்து’ ஆகிய நான்கும் 1940-இல் ‘நானாடகம்’ என்று நூலாயின. மேடையில் செந்தமிழே முழங்க வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்த காலத்தில், உடையாரும் அவர் வீட்டாரும் வீட்டில் பேசுகிறபடியே மேடையிலும் பேசினார்கள். ஊரின் வாய்மொழிக்கு ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் கொடுத்த பெரும் மதிப்பு இது. ஆயினும் ஆசிரியர் எழுதுவார், மாணவர் நடிப்பார் என்ற ஒழுங்கு மாறவில்லை. ஊரின் பேச்சு வளாகத்துக்குள் வந்தது. ஊரார் இன்னும் வரவில்லை.

அந்த நாடகங்களில் நடித்தும் பிறகு அவற்றை மேடையேற்றியும் வளர்ந்தவர் சு. வித்தியானந்தன்.

அந்தக் கல்லூரியிலிருந்து வளர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952-இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிங்களப் பக்கத்தில் எதிரிவீர சரச்சந்திர ஒரு தேடலில் இறங்கியிருந்தார். மேல்நாட்டு நாடகங்களைத் தழுவி மேடையேற்றிக்கொண்டிருந்த அவர், கடலோர ஊர்களில் மங்கிக்கொண்டிருந்த நாடகம எனும் பழைய ஆட்டவடிவத்தைப் போய்ப் பார்த்தார். அதன் இசையில் தேர்ந்த சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையோடு பல்கலைக்கழக மாணவரைப் பழக்கி, 1956 நவம்பர் 3 அன்று கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ நாடகத்தை ஏற்றினார். சிங்கள நாடக வரலாறு அந்த நாளை எல்லைக்கல்லாகக் கொள்கிறது. நாடகம என்ற பெயரே தமிழ்ச்சொல். அந்த வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருப்பதைச் சரச்சந்திரவும் மறைக்கவில்லை. அப்படியானால் கூத்தை உயிரோடு வைத்திருக்கும் தமிழர்கள் அதை என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்வி, அதே வளாகத்தில் தமிழ்த் துறையில் இருந்த வித்தியானந்தன் முன் வந்து நின்றது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய அரசகரும மொழிச் சட்டம் வந்ததும் அதே 1956-இல்தான். சொந்தக் கலைவடிவம் எது என்று கேட்கவேண்டிய நெருக்கடியும் அந்தக் காலத்துக்கு இருந்தது.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராக வித்தியானந்தன் செய்த வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று வளாகத்துக்கு வெளியே: அண்ணாவிமார் மாநாடுகளை நடத்தினார், ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துகளைப் பதிப்பித்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962-இலும் ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964-இலும் அச்சேறின. மற்றது வளாகத்துக்கு உள்ளே. அதுதான் நம் கவனத்துக்குரியது.

வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு அழைக்கப்பட்டார். பட்டப்படிப்பு மாணவர்கள் அவர் முன்னால் தாளக்கட்டுச் சொல்லி ஆடப் பழகினார்கள். 1962-இல் ‘கர்ணன் போர்’, 1963-இல் கூத்தின் இரு மோடிகளில் ஒன்றான தென்மோடியில் ‘நொண்டி நாடகம்’, 1964-இல் ‘இராவணேசன்’, 1968-இல் ‘வாலிவதை’ என்று நான்கு கூத்துகள் அந்த முயற்சியில் விளைந்தன. ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பு அமிர்தகழியிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு. பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவரும் அவரே.

இந்த ஏழாண்டு முயற்சியில் வித்தியானந்தன் செய்த மாற்றங்கள் பலமுறை பேசப்பட்டவை. விடியவிடிய ஆடுவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. கூறியது கூறல் வெட்டப்பட்டது. பாத்திரத்தின் உணர்வுக்கேற்ப ஆட்டமும் பாட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ‘இராவணேசன்’ தன் அழிவைத் தானே தேடிக்கொள்ளும் ஒரு பெருவீரனின் உள்ளத்தை மையமாகக் கொண்டது. மற்ற மோடியான வடமோடி ஆட்டத்தின் மிடுக்கு அந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை, ஒருமுறை அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் எளிதில் உணர்வார்.

ஆனால் குறைவாகப் பேசப்படும் மாற்றம் ஒன்று உண்டு. வட்டக்களரி படச்சட்ட மேடையாகியது. நான்கு பக்கமும் இருந்த சனம் ஒரு பக்கத்துக்கு வந்தது. நடுவில் நின்ற மத்தளமும் பிற்பாட்டும் மேடையின் ஓரத்துக்குப் போயின. மேடை அமைப்பின் தேவைக்காகச் செய்யப்பட்டது அது. அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. எனினும் அந்த இடமாற்றம் ஒரு வரலாற்று உண்மையைக் காட்டுகிறது. பழக்கும் நாள்களில் ஆசானாக நடுவில் இருந்த அண்ணாவியார், நிகழ்வு நாளில் ஓரத்துக்குப் போனார். நெறியாள்கை என்ற புதிய பொறுப்பு பேராசிரியரிடம் இருந்தது. அழைப்பிதழும் விமர்சனமும் பின்னாளில் பாடநூலும் ‘வித்தியானந்தன் தயாரிப்பு’ என்றே எழுதின.

இதைக் குற்றமாக எடுத்துக்கொள்வது நியாயம் ஆகாது. கூத்தைப் படித்தவர்கள் ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. ஒரு பேராசிரியர் தன் பெயரையும் பதவியையும் அதற்குப் பின்னால் நிறுத்தியதால்தான் கூத்து நகர மேடையேறியது. பள்ளிக்கூடங்கள் அதைப் பழகத் தொடங்கின. மட்டக்களப்பு மாணவர், தம் ஊரில் ஆடுவதைப் பற்றி வாய்திறக்கக் கூசிய நிலை மாறி, பல்கலைக்கழகத்தில் அதை ஆடினர். வித்தியானந்தன் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருள் இருந்திராது.

அடுத்த கட்டம் யாழ்ப்பாணத்தில். 1974-இல் அங்கே பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. பின்னர் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் ஆனவரும் வித்தியானந்தனே. வளாகத்துக்கு வெளியே 1978-இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். களப்பயிற்சி என்ற சொல் ஈழத்து நாடகக்காரரின் அன்றாட வழக்கானதில் இக்கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. அ. தாசீசியஸ் போன்றவர்கள் அங்கே பழக்கினார்கள். வந்தவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள். வசனத்தை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்காமல் உடலசைவு, குரல், விளையாட்டு என்று தொடங்கும் முறை அவர்களுக்குப் புதிது. அவர்கள் தம் பள்ளிகளுக்குத் திரும்பி அதே முறையில் பிள்ளைகளைப் பழக்கினார்கள். சிறுவர் அரங்கு என்று தனித்த ஒரு துறை யாழ்ப்பாணத்தில் தழைக்க இந்த ஆசிரியர் சங்கிலியே காரணம். சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’ அதன் முதல் விளைச்சல்களில் ஒன்று.

1985-இல் ‘மண் சுமந்த மேனியர்’ வந்தது. சண்முகலிங்கம் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் நடித்தனர். போர் மூண்டிருந்த அந்த ஆண்டுகளில் இந்த நாடகம் வளாக மண்டபத்தோடு நிற்காமல் ஊர் ஊராகச் சென்றது. பார்வையாளர் தம் வீட்டுக் கதையை மேடையில் கண்டார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் கணபதிப்பிள்ளை காலத்தில் ஊரின் பேச்சு வளாகத்துக்குள் வந்தது; இப்போது வளாகமே ஊருக்குப் போனது.

கூத்தின் கதை மட்டக்களப்புக்குத் திரும்புகிறது. 1981-இல் அங்கே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986-இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அது அமைந்த இடம் வந்தாறுமூலை. செல்லையா அண்ணாவியாரின் ஊர் அது. பேராதனைக்கு அழைக்கப்பட்டவரின் ஊர்மண்ணிலேயே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது தற்செயல்தான். ஆனால் 1990-களில் மௌனகுரு அங்கே நுண்கலைத் துறைக்கு வந்து கூத்தைப் பாடமாகவும் பயிற்சியாகவும் நிலைநிறுத்தியது தற்செயல் இல்லை. தாம் மாணவராக ஆடிய ‘இராவணேசன்’ கூத்தைத் தம் மாணவரைக் கொண்டு புதிதாக ஏற்றினார். ஓய்வுக்குப் பிறகும் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடம் ஒன்றை அமைத்து இளையவர்களைப் பழக்கினார்.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாற்றுக்குரலும் எழுந்தது. சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும், கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்றியதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அதை ஆடும் மக்களே என்பது அவர்களின் வாதம். அண்ணாவியாரை வளாகத்துக்கு அழைப்பதற்குப் பதிலாக, ஆய்வாளர்கள் மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்துக்குப் போய்க் கூத்தரோடு இருந்தார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அழைக்கப்பட்ட இந்தச் செயற்பாடு 2000-களின் தொடக்கத்தில் நடந்தது. பெண் பாத்திரங்கள் கூத்தில் எப்படிச் சித்திரிக்கப்படுகின்றன, சாதி உயர்வுதாழ்வு பேசும் இடங்களை என்ன செய்வது என்பவற்றை ஊராரும் அண்ணாவியாரும் ஆய்வாளரும் கூடியிருந்து விவாதித்தார்கள். கூத்தும் வட்டக்களரியிலேயே ஆடப்பட்டது. அண்ணாவியார் மீண்டும் நடுவில் நின்றார்.

மௌனகுரு தரப்புக்கும் ஜெயசங்கர் தரப்புக்கும் இடையே எழுத்தில் நடந்த விவாதம் சூடானது. யார் சரி என்று தீர்ப்பளிக்க அவசரப்பட வேண்டியதில்லை. செம்மைப்படுத்திய கூத்து நகரத்துப் பார்வையாளரை ஈர்த்தது, கலைஞர்களை உருவாக்கியது. மீளுருவாக்கம் கூத்தை அதன் சொந்தக்காரரிடமே விட்டு வளர்த்தது. இரண்டுக்கும் வேர் 1962-இன் பேராதனைப் பயிற்சியில்தான் இருக்கிறது. பட்டம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் பேராசிரியரும் ஒரு கிராமத்து ஆசானின் மத்தள ஓசைக்கு முன்னால் கற்பவர்களாக நின்றதுதான் இந்த வரலாற்றின் திருப்புமுனை.

இன்று கல்லூரிகளில் ஒருநாள் பயிலரங்கு, இருநாள் கருத்தரங்கு என்று நிகழ்வுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை நடத்துவோர் இந்த வரலாற்றிலிருந்து இரண்டு வேலைகளை எடுத்துச் செய்யலாம். ஊரில் கற்பிக்கும் ஆசான்களை ஒருநாள் விருந்தினராக அழைக்காமல், ஒரு பருவம் முழுக்கப் பழக்கும் ஆசிரியராக அழைக்க வேண்டும். ‘இராவணேசன்’ பற்றி எழுதும்போது வித்தியானந்தன், மௌனகுரு பெயர்களுக்கு அருகில் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் பெயரையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.