தோடர்: வெளியார் கண்ட வாழ்வும் வழிபாடும்

நீலகிரி மலையின் மேட்டுப் புல்வெளிகளில் எருமை வளர்த்து வாழ்ந்துவரும் தொல்குடியினர் தோடர் ஆவர். தொதவர் என்றும் இவர்களைக் குறிப்பதுண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்களின் தொகை ஏறத்தாழ 2,000 மட்டுமே. ஒரு நடுத்தரக் கிராமத்தின் அளவுகூட இல்லாத இக்குடியைப் பற்றி நானூறு ஆண்டுகளாக வெளியார் எழுதி வந்துள்ளனர். பாதிரியார், கலெக்டர், படை அதிகாரி, மருத்துவர், மொழியியல் அறிஞர், இளவரசர் எனப் பலரும் எழுதினர்.

இந்த எழுத்துகளில் தோடரைப் பற்றிய செய்திகள் நிறைய உண்டு. எழுதியவர் எதைத் தேடி மலை ஏறினார் என்பதும் அவற்றில் பதிவாகியுள்ளது. வெளியார் கொண்ட கருத்துகள் ஏட்டோடு நிற்கவில்லை. தோடரின் நிலத்தையும் சடங்கையும் அவை பாதித்தன. ஆகவே இந்த வரலாற்றை மாணவர்கள் அறிந்துகொள்வது பயனுடையது.

தோடர் வாழ்வின் அடிப்படை

தோடரின் குடியிருப்பு 'மந்து' எனப்படும். ஒரு மந்தில் சில வீடுகளே இருக்கும். மூங்கில், பிரம்பு, புல் ஆகியவற்றால் அமைந்த பழைய வீடு, அரைவட்டமாக வளைத்த கூரையை உடையது. அதன் வாயில் மிகச் சிறியது. குனிந்து, தவழ்ந்துதான் உள்ளே செல்ல முடியும். மலைக் குளிருக்கும் காற்றுக்கும் ஏற்ற அமைப்பு இது.

தோடர் மரபாகப் புலால் உண்ணாதவர்கள். எருமைப்பாலும் அதிலிருந்து கிடைக்கும் மோர், வெண்ணெய், நெய் ஆகியவையும் அவர்கள் வாழ்வின் நடுநாயகம். எருமைகளில் வீட்டு எருமை, புனித எருமை என்ற பிரிவு உண்டு. புனித எருமையின் பாலைக் கடையும் இடமே அவர்களின் கோயில். பால் கறப்பதும் கடைவதும் அங்கே வழிபாடு. கடைபவர் பூசாரி. மிக உயர்ந்த நிலையில் இருந்த 'பாலோல்' என்னும் பூசாரி, அப்பொறுப்பில் இருக்கும்வரை குடும்பத்தைப் பிரிந்து துறவிபோல் வாழ வேண்டும். தேக்கிர்சி என்னும் தெய்வம் எருமைகளையும் மக்களையும் படைத்ததாகவும், அவள் உடன்பிறந்தவனான ஓன் மேற்கே உள்ள மறுவுலகை ஆள்வதாகவும் தோடர் நம்பினர். இறந்தவரோடு மறுவுலகம் செல்வதற்காக ஈமச்சடங்கில் எருமை பலியிடப்பட்டது.

அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் முன்பு இருந்தது. பிறக்கும் குழந்தைக்குச் சமூக முறையில் தந்தை யார் என்பதை, கருவுற்ற பெண்ணுக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கே முடிவு செய்தது. வெளியார் பலர் இந்த மணமுறையைப் பற்றியே அதிகம் எழுதினர். அதே அளவு கவனத்தை எருமைக் கோயிலின் நுட்பங்களுக்குக் கொடுத்தவர்கள் சிலரே.

காணாமற்போன கிறித்தவரைத் தேடி

தோடரைப் பற்றிய முதல் விரிவான ஐரோப்பியக் குறிப்பு 1603ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மலைமேல் பழங்காலக் கிறித்தவர்கள் வாழ்கிறார்கள், காலப்போக்கில் வேதத்தை மறந்துவிட்டார்கள் என்ற செய்தி அப்போது கேரளக் கடற்கரையில் பரவியிருந்தது. அதன் உண்மையை அறிய, கள்ளிக்கோட்டையிலிருந்த யேசு சபைப் பாதிரியார் ஜாக்கோமோ பினீசியோ காட்டுவழியாக மலை ஏறினார். அங்கே அவர் கண்டது எருமை மேய்க்கும் மக்களையும் அவர்களின் பூசாரியையும்தான். கிறித்தவத்தின் அடையாளம் எதுவும் இல்லை. பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் பரிசாகக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

தேடி வந்தது கிடைக்காவிட்டாலும் கண்டதை அவர் எழுதி வைத்தார். பூசாரியின் துறவு, மணமுறை, உணவு ஆகியவை பற்றிய அவரது குறிப்புகள், பிற்கால ஆய்வுகளோடு ஒப்பிடப் பெரிதும் உதவின.

கலெக்டரும் நிலமும்

அடுத்த இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியர் நீலகிரியைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறியபின் நிலைமை மாறியது. குளிர்ந்த தட்பவெப்பம் ஆங்கிலேயரைக் கவர்ந்தது. உதகமண்டலம் நகரமாக வளரத் தொடங்கியது. தோடரிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் விலைக்குச் சல்லிவன் நிலம் வாங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது: மலைநிலம் யாருக்குச் சொந்தம்? மலையில் பயிர் செய்த படகர்கள், 'கூடு' என்ற பெயரில் தானியத்தைத் தோடருக்கு ஆண்டுதோறும் கொடுத்து வந்தனர். தோடரே மண்ணுக்கு உரியவர் என்பதற்கு இதைச் சான்றாகக் கொண்டவர்கள் உண்டு. தோடருக்கு நில உரிமை உண்டு, எடுக்கும் நிலத்துக்கு ஈடு தரவேண்டும் என்று சல்லிவனும் வாதிட்டார். எதிர்த்தரப்பினரோ தோடர் உழுவதில்லை, மேய்க்க மட்டுமே செய்கிறார்கள், ஆகவே உரிமையாளர் அல்லர் என்றனர். உழுத நிலம் மட்டுமே ஒருவருக்குச் சொந்தமாக முடியும் என்ற எண்ணத்தோடு பார்த்தவர்களுக்கு, பரந்த புல்வெளி வெறும் தரிசாகவே தெரிந்தது. தோடருக்கோ அந்த வெளியின் ஒவ்வொரு குன்றும் சுனையும் பெயரும் தெய்வமும் உடையவை.

ரோமரா? யூதரா? சுமேரியரா?

படை அதிகாரியான ஹென்றி ஹார்க்னஸ் 1832இல் தோடரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உயர்ந்த உருவம், நீண்ட தாடி, கூரிய மூக்கு, தோளில் போர்த்திய வெள்ளைப் போர்வை ஆகியவற்றைக் கண்ட அக்கால ஆங்கிலேயர் பலருக்குப் பழைய ரோமர்களின் நினைவு வந்தது. சிலர் இவர்களைக் காணாமற்போன யூதக் குலத்தவர் என்றனர். பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார், தோடரை மறைஞானம் உடைய மக்களாகச் சித்திரித்தார். 20ஆம் நூற்றாண்டின் நடுவிலும் இந்தப் போக்கு நிற்கவில்லை. கிரேக்க இளவரசர் பீட்டர், தோடர் தெய்வங்களின் பெயர்களில் சுமேரியச் சாயல் இருப்பதாக எழுதினார்.

இக்கருத்துகள் அனைத்துக்கும் அடியில் ஒரே எண்ணம் இருந்தது. பார்ப்பதற்குச் சிறப்பாக இருக்கும் இம்மக்கள் இந்த மண்ணுக்கு உரியவர்களாக இருக்க முடியாது, எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்பதே அது. பக்கத்திலேயே வாழும் கோத்தர், குறும்பர், படகர் ஆகியோரோடு தோடர் கொண்டிருந்த கொடுக்கல் வாங்கலை இவ்வாறு எழுதியவர்கள் போதிய அளவு ஆராயவில்லை. கோத்தர் செய்த மண்பாண்டமும் இரும்புக் கருவியும், படகர் தந்த தானியமும் இன்றித் தோடர் வாழ்வு நடந்ததில்லை.

மண்டையோடும் இலக்கணமும்

1873இல் மார்ஷல் என்ற படை அதிகாரி தோடர் பற்றிய நூலை வெளியிட்டார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைக் கொண்டு ஒருவர் குணத்தைக் கண்டறியலாம் என்ற கொள்கை அக்காலத்தில் செல்வாக்குடன் இருந்தது. மார்ஷல் அதை நம்பித் தோடரின் தலைகளை ஆராய்ந்தார். அந்தக் கொள்கை பின்னர் அறிவியலால் முற்றிலும் கைவிடப்பட்டது.

ஆனால் அதே நூலின் பின்னிணைப்பாக ஒரு பயனுள்ள பகுதி இருந்தது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் எழுதிய தோடர் மொழி இலக்கணச் சுருக்கமே அது. உதகையில் பள்ளி நடத்தியவர் போப். தமிழறிவோடு தோடர் மொழியை அணுகியதால், அது தென்னாட்டு மொழிகளின் உறவு மொழி என்பதை அவரால் காண முடிந்தது. ஒரே நூலின் இரு பகுதிகளில் ஒன்று பொய்த்துப்போனது, மற்றது நிலைத்தது.

ரிவர்ஸ் ஆய்வு

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவரும் மானிடவியலாளருமான டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1902இல் சில மாதங்கள் நீலகிரியில் தங்கினார். குடும்பம் குடும்பமாக வம்சாவளியைக் கேட்டு எழுதுவது அவர் கையாண்ட முறை. இதன்மூலம் யார் யாருக்கு என்ன உறவு, எந்த மந்து எந்தக் குலத்துக்கு உரியது என்பவை தெளிவாயின. 1906இல் வெளியான 'தோடர்' என்ற அவரது நூல் உலக மானிடவியலில் முக்கியமான ஒன்றாகக் கருதப்படுகிறது. பினீசியோவின் பழைய குறிப்பும் அந்நூலில் மொழிபெயர்த்துச் சேர்க்கப்பட்டுள்ளது.

இந்த ஆய்வுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ரிவர்ஸுக்குத் தோடர் மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசினார். வெளியாருக்குச் சொல்லக்கூடாத சடங்குகளையும் புனித இடங்களையும் அவர் கேட்டறிந்தார். அவருக்கு உதவியவர்களில் ஒருவர் நோயுற்றார். இன்னொருவர் மனைவியை இழந்தார். மறைபொருளை அயலாருக்குக் காட்டியதால் தெய்வங்கள் சினம் கொண்டன என்று தோடரின் குறிசொல்வோர் கூறினர். அதன்பின் பலர் பேசத் தயங்கினர். இதை ரிவர்ஸே தம் நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். ஒரு நூல் உருவாவதற்கு, எழுதப்பட்டவர்கள் என்ன விலை கொடுத்ததாக உணர்ந்தார்கள் என்பதை இக்குறிப்பு காட்டுகிறது.

மொழி காட்டிய உண்மை

1935 முதல் 1938 வரை நீலகிரியில் மொழி ஆய்வு செய்த எமனோ, தோடரின் பேச்சையும் பாடலையும் நேரடியாகக் கேட்டுப் பதிவு செய்தார். அவரும் பர்ரோவும் இணைந்து உருவாக்கிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளியானது. தோடர் பாடல்களைத் தொகுத்த அவரது பெரிய நூல் 1971இல் வந்தது. இரட்டை இரட்டையாக அமைந்த மரபுத் தொடர்களைக் கொண்டு, நிகழ்ச்சிக்கு ஏற்ப அந்நேரத்திலேயே பாடல் கட்டும் கலை தோடரிடம் இருந்ததை அவர் விளக்கினார். எழுத்து இல்லாத மொழி என்பதால் இலக்கியமும் இல்லை என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிய செய்தி.

தோடர் தம்மை 'ஓள்' என்று சொல்லிக்கொள்வர். மனிதர் என்பது அதன் பொருள். தமிழில் நாம் வழங்கும் 'ஆள்' என்ற சொல்லின் உறவுச் சொல் அது. பெண் எருமையை அவர்கள் குறிக்கும் 'இர்' என்ற சொல் 'எருமை'யோடு தொடர்புடையது. ரோமிலும் சுமேரியாவிலும் தேடப்பட்ட மக்களின் பெயரே அவர்கள் யார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. பொறுமையாகக் கேட்டவர்களுக்கு அது விளங்கியது.

அழிந்துவிடுவர் என்ற கணிப்பு

தோடர் விரைவில் அழிந்துபோவர் என்று 19ஆம் நூற்றாண்டு முதலே பலர் எழுதினர். 1901இல் அவர்கள் தொகை ஏறத்தாழ 800. முற்காலத்தில் பெண் சிசுக்கொலை இருந்ததையும் நூல்கள் குறிக்கின்றன. நகரம் வளர்ந்தபின் வெளியாரோடு வந்த பால்வினை நோய் பிறப்பு விகிதத்தைக் குறைத்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் முறையான மருத்துவம் கிடைத்ததும் தொகை மெல்ல உயரத் தொடங்கியது. ஆகவே சரிவுக்குப் பெருங்காரணம் 'பழமையான வாழ்க்கை' அன்று, குணப்படுத்தக்கூடிய நோய்.

இத்தகைய கணிப்பு உலகின் வேறு இடங்களிலும் பொய்த்துள்ளது. அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஓஹையோ முதலிய மாநிலங்களில் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினர் வாழ்கின்றனர். 1693இல் ஐரோப்பாவில் யாக்கோப் அம்மான் என்பவரின் வழியில் பிரிந்தவர்களின் மரபினர் இவர்கள். குதிரை வண்டி, எளிய உடை, பொது மின்தொடரைத் தவிர்த்தல் ஆகியவற்றால் வெளியார் இவர்களையும் காலம் மறந்த மக்கள் என்று கருதினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 பேராக இருந்தவர்கள் இன்று மூன்று லட்சத்துக்கும் மேல். எட்டாம் வகுப்புக்குமேல் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதில்லை என்ற உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இவர்கள் பெற்றனர். ஆமிஷ் மக்களுக்குச் சொந்தப் பண்ணை நிலம் இருந்தது. தோடருக்கு அந்த உறுதி இல்லை.

சுருங்கிய புல்வெளி

தரிசு என்று எண்ணப்பட்ட புல்வெளி பல வழிகளில் மாறியது. தேயிலைத் தோட்டங்கள் வந்தன. சீகை மரமும் தைல மரமும் பெருமளவில் நடப்பட்டன. உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிராயின. பைக்காரா, குந்தா நீர்மின் திட்டங்களின் அணைகளில் மேய்ச்சல் நிலங்கள் மூழ்கின. மேய்ச்சல் குறைந்ததால் எருமைகள் குறைந்தன. எருமை குறைந்தபோது பால்கோயில்கள் பலவற்றில் கடைய ஆளில்லாமல் போயிற்று. தோடருக்கு வழிபாடும் தொழிலும் ஒன்றே என்பதால், நில இழப்பு சமய இழப்பாகவும் ஆனது.

நீலகிரிப் புல்வெளியும் சோலைக்காடும் சேர்ந்தே மழைநீரைத் தேக்கி ஆறுகளுக்கு அளிக்கின்றன என்பதை இன்று சூழலியலாளர் வலியுறுத்துகின்றனர். அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

இன்றைய தோடர்

இன்று தோடர் இளைஞர்கள் கல்லூரியில் படிக்கின்றனர். அரசுப் பணியிலும் வேளாண்மையிலும் உள்ளனர். பல கணவர் மணமுறை மறைந்துவிட்டது. கிறித்தவத்தைத் தழுவிய தோடரும் உள்ளனர். பழைய வளைகூரை வீடுகளுக்குப் பதிலாக ஓட்டு வீடுகளும் காங்கிரீட் வீடுகளும் பெருகின. ஆயினும் முத்தநாடு மந்தில் உள்ள கூம்பு வடிவக் கோயிலில் ஆண்டுதோறும் விழா நடைபெறுகிறது. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் செய்யும் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறு குடிகளில் தோடரும் அடங்குவர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பரம்பரையாகப் பயன்படுத்திய மேய்ச்சல் நிலத்தின்மீது உரிமை கோரும் வழியைத் திறந்துள்ளது.

உதகை தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில் ஒரு தோடர் மந்து உள்ளது. பூங்காவைக் காண வரும் சுற்றுலாப் பயணியர் பலர் அங்கும் சென்று படம் எடுத்துத் திரும்புகின்றனர். அது மக்கள் குடியிருக்கும் இடம். அங்குள்ள கோயில் அவர்கள் வழிபடும் கோயில். படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பதும், கோயிலை நெருங்கக்கூடாத எல்லையை விசாரித்து அறிவதும் செல்வோர் கடமை. பள்ளிச் சுற்றுலாவாக உதகை செல்லும் மாணவர்கள் புறப்படும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.